முகம் எவோ, உடம்பு வீரா

என் பட்டறைக்கு வருகிற எவோக்களில் பத்துக்கு ஒன்பது எவோ கிடையாது.

பெயர் என்னவோ பின்பக்கம் பெரிதாக ஒட்டியிருக்கும். முன் பம்பர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பானட்டில் காற்று போக ஓட்டைகள். டிக்கியின் மேல் ஒரு இறக்கை, துணி காயப்போடலாம், அத்தனை உயரம். காடியைக் கொண்டுவந்த பையன் முகத்தில் பெருமை வழியும். நான் ஒன்றும் சொல்வதில்லை. "தம்பி, கொஞ்சம் குனிஞ்சு பின்டயர் ரெண்டுக்கும் நடுவுல பாரு, என்னா தெரியுது?" என்று மட்டும் கேட்பேன். குனிவான். "ஒன்னும் இல்லண்ணே, ரோடுதான் தெரியுது" என்பான்.

அங்கே ரோடு தெரியக்கூடாது. மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் என்றால் பின் சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் போல ஒரு இரும்பு உருண்டை தொங்க வேண்டும். டிஃபரென்ஷியல். எஞ்சினின் பலத்தை வாங்கி இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அது இல்லையென்றால் பம்பரில் என்ன எழுதியிருந்தாலும் அது புரோட்டோன் வீராதான்.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படி ஒன்று வைத்திருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பட்டறை இருக்கிற பாலிக் புலாவ் என்றால் தீவின் பின்புறம் என்று அர்த்தம். பினாங்கு பார்க்க வருகிறவர்கள் ஜார்ஜ் டவுனையும் பத்து ஃபெரிங்கி கடற்கரையையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நடுவில் நிற்கும் மலையைத் தாண்டினால்தான் நாங்கள். டுரியான், ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள், லக்சா கடை, பிறகு கடல். மலையைத் தாண்ட மூன்று வழி உண்டு. ரெலாவ் பக்கத்திலிருந்து வரும் ஜாலான் துன் சார்டோன், தெலுக் கும்பாரிலிருந்து ஏறி இறங்கும் கெந்திங் மேடு, வடக்கே தெலுக் பாஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் அருவியைத் தொட்டுக்கொண்டு வரும் சாலை. மூன்றுமே வளைவுக்கு மேல் வளைவு. இந்தச் சாலைகளில் எந்தக் காடியின் குதிரைத்திறனையும் யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. ஏறும்போது முன்னால் டுரியான் லாரி, இறங்கும்போது குறுக்கே குரங்கு. ஆனால் ஒரு காடிக்கு வளையத் தெரியுமா, நிற்கத் தெரியுமா என்பதை இரண்டாவது வளைவிலேயே சொல்லிவிடலாம்.

எவோவின் கதையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அந்தக் காடி வந்த நாளிலிருந்து முடிந்த நாள்வரை பத்து வடிவம் எடுத்தது. பத்திலும் குதிரைத்திறன் மாறியது கொஞ்சம். வளைவில் திரும்புகிற விதம்தான் ஒவ்வொரு முறையும் மாறியது.

முதலில் வீராவுக்கும் எவோவுக்கும் என்ன உறவு என்று சொல்லிவிடுகிறேன். 1985இல் பினாங்குப் பாலம் திறந்தபோது பிரதமர் மகாதீர் சிவப்பு நிற புரோட்டோன் சாகாவில் அதன்மேல் வந்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது. நாட்டின் முதல் சொந்தக் காடி என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அந்த சாகாவின் உள்ளே இருந்தது மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே. 1993இல் வந்த வீராவும் அப்படியே: ஜப்பானில் அதற்குச் சற்று முன் வந்த லான்சரின் தளம், அதே குடும்பத்து எஞ்சின்கள், விளக்கும் முகமும் மட்டும் புரோட்டோனின் ஷா ஆலாம் தொழிற்சாலையில் வேறு. நம் ஆள்களில் வீராவில் ஏறாதவர் இருக்க மாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனதும் பிரசவத்துக்குப் போனதும் அதில்தான்.

அதே லான்சரை எடுத்து மிட்சுபிஷி ஜப்பானில் வேறொரு வேலை செய்தது. 1992 அக்டோபரில் வந்த முதல் எவோ அதுதான். 1,997 சிசி டர்போ எஞ்சின், 4ஜி63 என்று பெயர், 250 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் இழுவை. எடை 1,240 கிலோ. கல்யாணத்துக்குப் போகிற காடிக்குள் இத்தனையும் எதற்கு? ரேலிக்காக.

ரேலி என்றால் வட்டத் தடத்தில் ஓடுகிற பந்தயம் இல்லை. காட்டுப் பாதை, சேறு, பனி, சரளைக்கல் எல்லாவற்றிலும் தனித்தனியாக ஓட்டி நேரம் பார்க்கிற போட்டி. அன்றைக்கு 'குரூப் ஏ' என்ற விதி இருந்தது. நீ போட்டியில் ஓட்டுகிற காடி கடையில் விற்கிற காடியாக இருக்க வேண்டும். குறைந்தது 2,500 செய்திருக்க வேண்டும். பந்தயத்துக்கென்று ரகசியமாக ஒன்று செய்துகொள்ள முடியாது. மிட்சுபிஷி அதற்குமுன் கேலன்ட் என்ற பெரிய காடியில் இதே எஞ்சினை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தது. பெரிய உடம்பு, குறுகலான பாதை. அதனால் எஞ்சினைத் தூக்கிச் சின்ன லான்சருக்குள் வைத்தார்கள். விதிக்காகச் செய்த 2,500 காடியும் சட்டென்று விற்றுப்போய் மேலும் செய்ய வேண்டி வந்தது.

இந்த விதியில்தான் முழுக் கதையும் இருக்கிறது. போட்டியில் ஒரு குறை தெரிந்தால் அதைப் போட்டிக் காடியில் மட்டும் சரிசெய்ய முடியாது. கடைக்கு வரும் காடியிலும் சரிசெய்து, அதை 2,500 பேர் தலையில் கட்டி, பிறகுதான் ரேலிக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால்தான் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு புது எவோ. ஆபீஸுக்குப் போக வாங்கியவர்களும் அந்தக் காட்டுப் பாதைச் சண்டையின் பலனை அனுபவித்தார்கள்.

1994இல் எவோ 2. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 10 மில்லிமீட்டர் கூட்டினார்கள். ஒரு விரல் அகலம்கூட இல்லை. டயர் கொஞ்சம் அகலமானது. 260 குதிரை. 1995இல் எவோ 3. 270 குதிரை, பெரிய டர்போ, அந்த வாய் பிளந்த பம்பர்.

அந்த வாய் அழகுக்கு வைத்ததில்லை. டர்போ எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரியும். எஞ்சினிலிருந்து வெளியே போகும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அமுக்குகிறது. எங்கள் ஊரில் கிராம்பு மூட்டையை மிதித்து மிதித்து அடைப்பார்களே, அது மாதிரி. அதிகக் காற்று, அதிகப் பெட்ரோல், அதிக பலம். ஆனால் காற்றை அமுக்கினால் அது சூடாகும். சூடான காற்று விரிந்துகொண்டு மூட்டைக்குள் அடங்காது. அதைக் குளிரவைக்க முன்னால் ஒரு ரேடியேட்டர் மாதிரி பெட்டி, இன்டர்கூலர். அதற்குக் காற்று போகத்தான் அந்த வாய். நம் பையன்கள் 1.5 லிட்டர் வீராவில் அதே பம்பரை மாட்டும்போது அந்த ஓட்டை வழியாகப் போகிற காற்றுக்கு உள்ளே ஒரு வேலையும் இல்லை. பின்னால் கறுப்பு வலையடித்து மறைத்திருப்பார்கள்.

அசல் எவோ 3 ஒன்றை நான் முதலில் தொட்டது தொண்ணூறுகளின் பிற்பாதியில். டுரியான் சீசன். நான் வேலை பார்த்த பட்டறை ஒரு சீனத் தவுக்கேயுடையது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளைக் காடி ஒன்று முன்சக்கரம் இரண்டிலும் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டிவந்தவன் டவுன் பையன், முகம் வெளிறிப்போயிருந்தான். துன் சார்டோன் மலை முழுக்க பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இறங்கியிருக்கிறான். அப்படி இறங்கினால் எந்தக் காடியும் புகையும். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஜாங்கான் சிராம் ஆயேர்!" என்று தவுக்கே உள்ளேயிருந்து கத்தினார். தண்ணி ஊத்தாதே. கொதிக்கிற டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் அது வளைந்து போகும், பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறும்.

ஆறட்டும் என்று விட்டோம். பையன் எதிர்க்கடையில் டுரியான் தின்னப் போனான். தவுக்கே என்னைப் பார்த்துக் குழியைக் காட்டினார். அப்போது எங்கள் பட்டறையில் லிஃப்ட் கிடையாது. தரையில் தோண்டிய குழிதான். காடியை மேலே தள்ளி நிறுத்திவிட்டு நான் உள்ளே இறங்கிப் பார்த்தேன். மேலே பார்த்தால் வீரா. தினம் கழற்றி மாட்டுகிற வீராவின் தரை, எனக்குப் பழக்கமான வளைவுகள். ஆனால் நடுவில் முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு தண்டு ஓடியது. அதன் முனையில் அந்த இரும்புப் பூசணிக்காய். பத்து வருஷமாகப் பழகின ஆளுக்கு இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

அடுத்து நான் செய்த காரியத்தை இப்போது சொல்ல வெட்கமில்லை. கூட்டு, அதாவது சீட்டு, கட்டிச் சேர்த்த பணத்தை எடுத்து ஒரு ஹாஃப் கட் வாங்கினேன். மலேசியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல் தெரியாமலிருக்கலாம். ஜப்பானில் காடி பழையதானால் அரசாங்கப் பரிசோதனைச் செலவு கட்டுப்படியாகாது. நல்ல நிலையில் இருக்கும்போதே கழித்துவிடுவார்கள். அதை ரெண்டாக அறுத்து, எஞ்சினோடு முன்பாதியைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவருவார்கள். அதுதான் ஹாஃப் கட். முகமில்லாத வீராக்களுக்கு முகம், எஞ்சின் செத்தவற்றுக்கு எஞ்சின். என்னுடையது எவோ 3இன் முன்பாதி. விளக்கு, பானட், ஃபெண்டர், பம்பர், எஞ்சின் அத்தனையும் அப்படியே என் வீராவில் ஏறின. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் எஞ்சின் மாற்றத்தைப் பதிந்து, வாகனப் பரிசோதனை செய்யும் புஸ்பாகாமில் காட்டினேன். 1.6 லிட்டருக்கு வருஷம் 90 வெள்ளி கட்டிக்கொண்டிருந்த ரோட் டேக்ஸ் 2 லிட்டருக்கு 378 வெள்ளி 50 காசாக ஏறியது. என் மனைவி அந்த ரசீதைப் பல நாள் பேசினாள்.

பின்பக்க டிஃபரென்ஷியலை மட்டும் நான் போடவில்லை. அதற்குத் தரைத்தகடு, பெட்ரோல் தொட்டி எல்லாம் மாற்ற வேண்டும், பணம் தீர்ந்துவிட்டது. ஆக, நாலு சக்கரத்துக்குச் செய்த 270 குதிரையும் முன் இரண்டு சக்கரத்துக்கு மட்டும் போனது. கெந்திங் மேட்டில் ஆக்சிலரேட்டரை அமுக்கினால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுக்கும். வளைவில் டயர் கத்துமே ஒழிய காடி திரும்பாது. பலம் மட்டும் போதாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஜப்பான்காரன் புத்தகமில்லை, அந்த மேடுதான்.

அது முடிந்துபோனது தித்தி கெராவாங்கில். 4ஜி63 எஞ்சினில் அதிர்வைக் குறைக்க இரண்டு தண்டுகள் உண்டு. அவற்றில் ஒன்றைச் சுற்ற, பெரிய டைமிங் பெல்ட்டுக்கு உள்ளே ஒளிந்துகொண்டு ஒரு சின்ன பெல்ட். பெரியதை மாற்றும்போது சின்னதையும் மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை. வாடிக்கையாளர் காடி என்றால் மாற்றியிருப்பேன். சொந்தக் காடிதானே என்ற சோம்பல். சின்ன பெல்ட் அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்தன. சத்தம் ஒரே ஒரு நொடிதான். பிறகு அருவிச் சத்தம் மட்டும்.

இனி 1996க்கு வருகிறேன், ஏனென்றால் அசல் மாற்றம் அங்கேதான். எவோ 4இல் லான்சரின் உடம்பே புதுசு. அதைவிட முக்கியம், எஞ்சினை அப்படியே 180 டிகிரி திருப்பி வைத்தார்கள். பழைய அமைப்பில் கியர்பாக்ஸுக்குள் கூடுதலாக ஒரு தண்டு வேண்டியிருந்தது. திருப்பி வைத்ததும் அது தேவையில்லாமல் போனது, இடமும் வலமும் எடை சமமாகியது, ஸ்டியரிங் பிடுங்குவதும் அடங்கியது. மிட்சுபிஷிக்கு நல்லது. எங்களைப் போன்ற ஹாஃப் கட் பட்டறைகளுக்கு இடி. எவோ 3வரை வந்த எஞ்சின் வீராவுக்குள் கிட்டத்தட்ட நேராக உட்காரும். திருப்பி வைத்த எஞ்சின் உட்காராது. மலேசியாவில் இன்றைக்கும் எவோ 3 மேல் மட்டும் இத்தனை பைத்தியம் ஏன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஜாக்கி சான் 1995இல் 'தண்டர்போல்ட்' படத்தில் அதை ஓட்டினார் என்பார்கள். இருக்கலாம். வீராவோடு ஒத்துப்போன கடைசி எவோ அதுதான் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

எவோ 4இல் இன்னொன்றும் வந்தது. ஏஒய்சி. பின்பக்கப் பூசணிக்காய்க்குள் ஒரு புது மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். காடி இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கப் பின்சக்கரத்துக்குக் கூடுதல் பலம் கொடுக்கும்; வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கச் சக்கரத்துக்கு. புலாவ் பெத்தோங்கில் சம்பான் ஓட்டுகிறவரிடம் கேட்டால் சட்டென்று சொல்வார்: படகை இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால் வலத் துடுப்பைப் பலமாகப் போட வேண்டும். அவ்வளவுதான் அந்த விஞ்ஞானம். எவோ ஓட்டியவர்கள், வளைவில் ஆக்சிலரேட்டரை அமுக்கினால் மூக்கு உள்பக்கமாகத் திரும்புகிறது என்று ஆச்சரியப்படுவது இதனால்தான். சாதாரணக் காடியில் அதே இடத்தில் அமுக்கினால் மூக்கு வெளியே ஓடும், எதிரே பள்ளம்.

குதிரைத்திறன் 280இல் நின்றது. அதற்குமேல் போடமாட்டோம் என்று ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு வாக்கு வைத்திருந்தன. எழுதிய சட்டமில்லை, எண்பதுகளின் கடைசியிலிருந்து 2004வரை அதைக் காப்பாற்றினார்கள், காகிதத்திலாவது. எவோ 4 முதல் 9 வரை எல்லாவற்றுக்கும் 280 என்றுதான் போட்டிருக்கும். ஆனால் இழுக்கிற பலம் நகர்ந்துகொண்டே இருந்தது: முதல் எவோவில் 309 நியூட்டன் மீட்டர், நான்கில் 353, ஐந்தில் 373. குதிரைத்திறன் என்பது நீளமான நேர்சாலையில் தெரிவது. இந்த இழுபலம்தான் வளைவிலிருந்து எழுந்து மேடேறும்போது தெரிவது. துன் சார்டோன்காரர்களுக்கு இரண்டாவது எண்தான் கணக்கு.

1998இல் எவோ 5. அகலம் 1,690இலிருந்து 1,770 மில்லிமீட்டருக்குப் போனது. ஜப்பானில் 1,700ஐத் தாண்டினால் காடி பெரிய வகுப்பில் சேர்ந்துவிடும், தெரிந்தே தாண்டினார்கள். ஃபெண்டர்கள் தோள் புடைத்த மாதிரி வெளியே வந்தன. 17 அங்குலச் சக்கரம், அதன் உள்ளே இத்தாலிய பிரெம்போ பிரேக். அந்த வெள்ளை எவோ 3 புகைந்துகொண்டு வந்த நாளை நினைத்துக்கொண்டேன். பத்தில் எது அழகு என்று கேட்டால் யோசிக்காமல் 5 என்பேன். பட்டறைக்கு வரும் பையன்கள் 6 என்பார்கள். 1999இல் வந்த 6, ஐந்தின் மறுபதிப்புதான்; காற்றோட்டம் போதவில்லை என்று நம்பர் பிளேட்டைக்கூட நடுவிலிருந்து ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். மூக்கு கோணிய மாதிரி இருக்கும். பையன்களுக்கு அதுதான் அழகாம்.

இந்த வருஷங்களில் ரேலியில் என்ன நடந்தது என்றால், ஃபின்லாந்துக்காரர் டொம்மி மாக்கினென் 1996, 97, 98, 99 என்று தொடர்ந்து நாலு முறை உலகச் சாம்பியன் ஆனார், எல்லாம் எவோவில். 98ஆம் வருஷக் கடைசிப் போட்டி பிரிட்டனில். வேறொரு காடி கொட்டிவிட்டுப் போன எண்ணெயில் மாக்கினென் வழுக்கி, சக்கரம் உடைந்து, முதல் நாளே வெளியே. பட்டம் கார்லோஸ் சைன்ஸுக்கு என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். கடைசி நாள், கடைசிக் கட்டம், முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கையில் சைன்ஸின் டொயோட்டா எஞ்சின் நின்றது. பட்டம் மாக்கினெனுக்கு வந்துசேர்ந்தது. மிட்சுபிஷி அவர் பெயரிலேயே எவோ 6இல் ஒரு சிறப்புக் காடியும் வெளியிட்டது. சிவப்பு உடம்பு, வெள்ளைச் சக்கரம்.

மாக்கினெனை உலகம் எழுதிவிட்டது. நான் எழுத விரும்புவது நம் ஆளைப் பற்றி. கரம்ஜித் சிங். மலேசியப் பஞ்சாபி. பக்கத்து இருக்கையில் வழி சொன்னவர் ஆலன் ஓ. இருவரும் 2002இல் உற்பத்திக் காடிகளுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றார்கள். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டம் வாங்கிய முதல் ஓட்டுநர் கரம்ஜித்தான். ஓட்டிய காடியின் பெயர் புரோட்டோன் பெர்ட். பெட்ரோனாஸ் இயோன் ரேசிங் டீம் என்பதன் முதலெழுத்துகள். அந்த பெர்ட்டின் அடியில் குனிந்து பார்த்தால் என்ன தெரியும்? பூசணிக்காய் தெரியும். அது புரோட்டோன் முத்திரை குத்திய எவோ.

நாடு முழுக்கப் பையன்கள் புரோட்டோனில் மிட்சுபிஷி முத்திரை ஒட்டிக்கொண்டு அலைந்தார்கள். ஒரே ஒருவர் மிட்சுபிஷியில் புரோட்டோன் முத்திரை ஒட்டிக்கொண்டு போய் உலகத்தை ஜெயித்துவிட்டு வந்தார். அந்தச் செய்தியை நான் கோப்பிக்கடையில் மலாய் பத்திரிகையில் படித்தேன். அன்றைக்குத் தவுக்கே எல்லாருக்கும் கோப்பி வாங்கிக்கொடுத்தார். அவர் வாங்கிக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் குடும்பத்தோடு உறவு உண்டு. 1998 முதல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி திருவள்ளூரில் லான்சர் செய்து விற்றது. அது எவோ 4, 5, 6 மூன்றுக்கும் அடியாக இருந்த அதே உடம்பு. மாமா பையன் கல்யாணத்துக்குச் சென்னை போனபோது மண்டப வாசலில் ஒன்று நின்றது. பட்டுவேட்டியோடு குனிந்து பின்சக்கரத்துக்கு நடுவில் பார்த்தேன். ரோடு தெரிந்தது. "மாப்ள மலேசியாலேர்ந்து வந்து எதையோ தொலைச்சிட்டாரு போல" என்று சித்தப்பா ஒருவர் டார்ச் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

7, 8, 9 மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடலாம். 2001இல் லான்சர் சீடியா உடம்பில் எவோ 7. முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பங்குபோட நடுவிலும் ஒரு கணினி டிஃபரென்ஷியல் வந்தது. 2003இல் எவோ 8. ஆறு கியர், அமெரிக்காவிலும் விற்பனை, முன்னால் ஒரு முக்கோண மூக்கு. அந்த மூக்கு யாருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும்தான். 2005இல் வந்த 9இல் அதை எடுத்துவிட்டு, 4ஜி63க்கு வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிற மைவெக் அமைப்பைக் கொடுத்தார்கள். ஓட்டிப் பார்த்ததில் மூன்றில் சிறந்தது 9. பழைய இரும்பு எஞ்சினுக்கு அதுதான் கடைசி.

ஆனால் இதற்குள் வேர் அறுந்துவிட்டது. 1997 முதல் ரேலியின் மேல்வகுப்பில் புது விதி: கடையில் விற்காத மாற்றங்களையும் செய்துகொள்ளலாம். மிட்சுபிஷி மட்டும் பிடிவாதமாகப் பழைய விதியிலேயே ஓட்டி ஜெயித்துக்கொண்டிருந்தது. 2001இல் அதுவும் மாறிக்கொண்டது. அன்றிலிருந்து மேல்வகுப்பில் ஓடிய காடி வேறு, நீங்கள் வாங்குகிற காடி வேறு. 2005 முடிவில் அந்த வகுப்பிலிருந்தே மிட்சுபிஷி விலகியது. கீழ்வகுப்பில் தனியார்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்; அது போதவில்லை. குறை சொல்ல ரேலி இல்லாதபோது யாருக்காக ஆண்டுதோறும் மாற்றுவது?

2007இல் வந்த எவோ 10 பெரிய காடி, எடை 1,500 கிலோவைத் தாண்டிவிட்டது. எஞ்சின் அலுமினியம், 4பி11. பெல்ட் இல்லை, செயின். தித்தி கெராவாங்கில் நின்றவன் என்ற முறையில் செயினுக்கு நான் கைதட்டுகிறேன். கிளட்ச் மிதி இல்லாமல் கியர் மாற்றும் இரட்டைக் கிளட்ச் வகையும் வந்தது. எல்லாச் சக்கரத்தையும் கணினி பார்த்துக்கொள்கிறது. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் தன் காடியைக் கொடுத்து துன் சார்டோனில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அங்கே நான் ஓட்டியவற்றில் வேகமானது அதுதான். ஒரு தப்பும் இல்லை. ஆனால் நான் செய்த தப்பையெல்லாம் அது எனக்குத் தெரியாமலே திருத்திக்கொண்டிருந்தது, அது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. எவோ 3 திருத்தாது, திட்டும்.

2010இல் புரோட்டோன் அதே லான்சர் உடம்பை வாங்கி இன்ஸ்பிரா என்று விட்டது. அடுத்த மாதமே இன்ஸ்பிராவில் எவோ 10 பம்பரோடு ஒரு பையன் பட்டறை வாசலில். "அண்ணே!" என்றான். நான் தரையைக் காட்டினேன்.

2015இல் ஜப்பானில் கடைசிப் பதிப்பு என்று 1,000 காடி, 313 குதிரைத்திறன். அடுத்த ஆண்டு எவோ நின்றுவிட்டது. பதினொன்று வரவில்லை.

என் வீரா பட்டறைக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் நிற்கிறது. எவோ 3 முகம் வெயிலில் வெளுத்துவிட்டது. வாரத்துக்கு ஒருவன் விலை கேட்கிறான். பம்பர் மட்டும் போதுமாம். கொடுக்கவில்லை.

இந்த டுரியான் சீசனுக்கு எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எவோவோ, வீராவோ, மைவியோ, துன் சார்டோன் உச்சியிலிருந்து இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். அப்படியும் கீழே வந்து புகைந்தால் ஓரமாக நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். எதிரே டுரியான் கடை இருக்கும்.